ஏகமனதாக

தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, ஒட்டுக் கேக்கோனும்னு கேக்கல. பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோம், நீங்க போன்ல பேசுனது காதுல உழுந்துருச்சு. உங்க மேனேஜரைத்தானே திட்டுனீங்க? அவனுக்கு மனசாட்சியே இல்லைன்னீங்க. திட்டுங்க, திட்டுங்க. அதுக்குத்தானே எங்களை வெச்சிருக்காங்க. ஆமாங்க, நானும் மேனேஜர்தான். கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டற கம்பெனி. பேரு வேண்டாம் விடுங்க. அங்க ஒர்க்ஸ் மேனேஜர். பதினெட்டு வருசமாச்சு. சென்னியப்பன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்.

இந்த பஸ்ஸு நம்ம கட்டுனது இல்ல. நம்ம கட்டுனதா இருந்தா சன்னலு இப்படிக் கடகடன்னு அடிச்சுக்காது. சரி, அது கெடக்குது.

நான் சொல்ல வந்தது என்னன்னா, மேனேஜருங்க எப்படி முடிவெடுக்கறாங்கன்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியறதில்லீங்க. ஏதோ ஏசி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, இவனைத் தூக்கு அவனைத் தூக்குன்னு கை காட்டறோம்னு நெனைக்கறீங்க. அப்படி ஒருத்தன் கை காட்டியிருந்தாக்கூட நல்லாத்தான் இருந்திருக்கும். எங்க கம்பெனில ஒருத்தரும் கை காட்டலீங்க. நீங்க தாராபுரம் வரைக்குமா? அப்ப நேரம் கெடக்குது, சொல்றேன்.

எங்க பெரியவரு, மொதலாளி, அவரு காலத்துல கமிட்டி கிமிட்டி ஒண்ணும் கெடையாது. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஷெட்டுக்குள்ள வருவாரு. நின்ன எடத்துலயே முடிவு. டேய், நாளையிலருந்து நீ வராதே. அவ்வளவுதான். ஒருவாட்டி பெயிண்டர் ஒருத்தனை அப்படித்தான் காலைல அனுப்பிச்சுட்டாரு. பச்சை அடிக்க வேண்டிய வண்டிக்கு நீலம் அடிச்சுட்டான்னு. மத்தியானமாப் பாத்தா ஆர்டர் காயிதத்துலயே நீலம்னுதான் இருக்குது. எழுதுனது பெரியவரே. சாயந்தரம் அவரே காரை எடுத்துட்டு அவன் ஊட்டுக்குப் போயி, ஏறுடா வண்டிலன்னு கூட்டியாந்துட்டாரு. அவன் பொண்டாட்டி வாசல்ல நின்னு மொதலாளியைக் கண்டபடி பேசியிருக்கா. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு அத்தனையும் கேட்டாராம். நல்லவருன்னு சொல்ல வரல. எங்களையெல்லாம் நாக்குல நரம்பில்லாமப் பேசுவாரு. ஆனா தப்பு நடந்தாத் திட்டறதுக்கு ஒரு ஆளு இருந்தாரு, அதைச் சொல்றேன்.

அவருக்கு முடியாமப் போயி, சின்னவரு வந்தாரு. மகன். வெளிநாட்டுல மேனேஜ்மென்ட் படிச்சவரு. தங்கமான பையங்க. ஒருத்தரை 'டா' போட மாட்டாரு. வந்த மொத மாசமே எங்க அஞ்சு பேரையும் உக்கார வெச்சு, "இனிமே எதையும் நான் ஒருத்தனா முடிவு பண்ண மாட்டேன். நீங்க அஞ்சு பேரும் கலந்து பேசி என்ன சொல்றீங்களோ அதுதான். நான் கையெழுத்து மட்டும் போடுவேன்"னாரு. எங்களுக்கு ஒரே பூரிப்பு. நான் ஊட்டுக்குப் போயி என்ற சம்சாரத்துக்கிட்ட, இனிமே நாங்கதான் மொதலாளின்னு சொன்னேன். அவ, அப்படியா, தோசைக்கு ஊத்தட்டுமான்னா.

அஞ்சு பேருன்னா, நானு, ஆளுங்க விசயம் பாக்கற அல்போன்ஸ் சாரு, கணக்குப் பாக்கற பர்வதம் மேடம், சாமான் வாங்கற தீர்த்தகிரி, ஆர்டர் புடிக்கற ஈஸ்வரமூர்த்தி. அஞ்சு பேரும் பழைய ஆளுங்க. அஞ்சு பேரும் நல்லவங்கதான். அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா பாருங்க, மீட்டிங்குல உக்காந்தா ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாப்போம். அவரு என்ன சொல்றாருன்னு பாத்துட்டு நாம சொல்லலாம்னு நானு. நான் என்ன சொல்றேன்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு அவரு. கேன்டீன்ல சாயந்தரம் வடை போடலாமா போண்டா போடலாமான்னு மூணு மீட்டிங்கு நடந்துச்சு. சிரிக்காதீங்க, நெசமா. கடைசில பிஸ்கட்டுன்னு முடிவாச்சு. அஞ்சு பேருல ஒருத்தருக்கும் பிஸ்கட்டு புடிக்காது. இன்னிக்கும் அந்தப் பிஸ்கட்டுதான் ஓடுது.

போன வருசத்துக்கு முந்தின வருசம் தொழில் படுத்துருச்சுங்க. பெரிய கம்பெனிக்காரனே முழு பஸ்ஸையும் கட்டி இறக்க ஆரம்பிச்சுட்டான். நாங்க மாசம் முப்பது வண்டி கட்டுன எடத்துல பன்னெண்டு, பதினொண்ணுன்னு வந்துருச்சு. ஷெட்டுல ஆறு செக்ஷன், ஆறு ஃபோர்மேன். ரெண்டு செக்ஷனை ஒண்ணாச் சேத்துரலாம், ஒரு ஃபோர்மேன் போகோனும், யாருன்னு நீங்களே சொல்லுங்கன்னுட்டாரு சின்னவரு. ஆயுத பூஜை முடிஞ்ச மறு வாரம்.

இங்கதான் பண்ணாரியண்ணனைப் பத்திச் சொல்லோனும்.

பண்ணாரியண்ணன் தகடு செக்ஷன் ஃபோர்மேன். பஸ்ஸுக்கு வெளிய அடிக்கற தகடு இருக்குதுங்களே, அது. முப்பது வருசமாத் தகட்டுச் சத்தத்துக்குள்ளயே இருந்து எடது காது சுத்தமாப் போச்சு, சோத்துக்கைப் பக்கத்துக் காது பாதி. அவருகிட்டப் பேசோனும்னா கத்தித்தான் பேசோனும். ரகசியமே பேச முடியாது. அதனாலயே என்னவோ, யாரைப் பத்தியும் அவரு புறணி பேசுனது கெடையாது. கம்பெனில யாரு ஊட்டு நல்லது கெட்டதுன்னாலும் மொத ஆளா வந்து நிப்பாரு. அல்போன்ஸ் சாரோட அம்மா தவறுனப்ப பெட்டியைத் தூக்குன நாலு பேருல இவரு ஒருத்தரு. என்ற ஊட்டுக் கிரகப் பிரவேசத்துக்கு மூணு நாளு அங்கயே தங்கி, பந்தல்காரன்கிட்டருந்து சமையக்காரன் வரைக்கும் எல்லாத்தையும் அவரே மேய்ச்சாரு. எனக்கு அன்னிக்கு உக்காந்து சாப்புடறதைத் தவிர வேலையே இல்ல.

ஒரே மக. நர்சிங் சேத்து விட்டிருந்தாரு. அப்ப ரெண்டு வருசம் பாக்கி. டீ குடிக்கற எடத்துல எப்பப் பாத்தாலும் அந்தப் பேச்சுதான். "ரெண்டு வருசம் ஓட்டிட்டாப் போதுஞ் சாரு. புள்ளை நர்சு ஆயிருவா. அப்புறம் நீங்களே இருக்கச் சொன்னாலும் நான் இருக்க மாட்டேன்"னு சத்தமாச் சொல்லிச் சிரிப்பாரு. அவருக்கு அப்ப அம்பத்தி நாலு. அந்த வயசுல, அந்தக் காதை வெச்சுக்கிட்டு வேற எங்க போயி நிப்பாரு? எங்க அஞ்சு பேருக்கும் அது தெரியும். தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.

மீட்டிங்கு ரெண்டு மணி நேரம். ஆறு பேரையும் பத்தி ஆளாளுக்கு நல்லதாப் பேசுனோம். யாரைப் போகச் சொல்லோனும்னு சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். சீட்டுத் தைக்கற செக்ஷன் ஃபோர்மேன் வாரத்துல மூணு நாளு வந்தா அதிசயம், வந்தாலும் பக்கத்துல நிக்க முடியாது, அந்த வாடை. ஆனா அவரு மொதலாளியம்மா வழில ஒறம்பரை. அந்தப் பேரை யாரு எடுக்கறது? வெல்டிங் ஃபோர்மேன் சங்கத்துல இருக்காரு, தொட்டா ஊரே திரண்டு வந்துரும். வயரிங் ஆளு தீர்த்தகிரி கொண்டாந்து சேத்தது, அவரு அங்கயே உக்காந்திருக்காரு. கண்ணாடி மாட்டறவருக்குப் போன மாசந்தான் சம்சாரம் செத்துப் போச்சு. பெயிண்ட் செக்ஷன்... அது என்ற மச்சினன் வெச்சுக்கங்களேன். அதுக்கு நான் என்ன பண்றது, அவன் நல்ல வேலைக்காரன்தான்.

ரெண்டு மணி நேரம் ஆகியும் ஒரு பேரு வெளிய வரல. சின்னவரு பொறுமையாப் பாத்தாரு. "சரி, வெளிப்படையாச் சொல்றதுக்குச் சங்கடமா இருக்குது, புரியுது. ஆளுக்கொரு சீட்டுல எழுதிப் போட்டுருங்க. யாரு யாரை எழுதுனதுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா வெறுஞ்சீட்டுப் போடக் கூடாது"ன்னாரு. ஆயுத பூஜைக்கு வெச்ச சொம்பு அலமாரிலயே இருந்துச்சு, மஞ்சக் குங்குமம்கூடத் தொடைக்கல. அதை எடுத்து நடுவால வெச்சாரு.

நான் பேனாவை வெச்சுக்கிட்டு யோசிச்சேன். நெசமாச் சொல்றேன் தம்பி, நல்லா யோசிச்சேன். சீட்டுத் தைக்கற ஃபோர்மேன் பேரை எழுதலாம்னு கை போச்சு. என்ற கையெழுத்து சின்னவருக்கு நல்லாத் தெரியும். நாளைக்கு மொதலாளியம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது? கண்ணாடிக்காரரை எழுதுனா பாவம். மச்சினனை எழுதுனா ஊட்டுல சோறு கெடைக்காது. அப்பத்தான் தோணுச்சு. பண்ணாரியண்ணன் பேரை எழுதிட்டா? அவரு பேரை வேற யாரு எழுதப் போறா? ஒருத்தனும் எழுத மாட்டான். எழுதக் கையி வருமா? என்ற ஒரு சீட்டு வீணாப் போகும், அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் இல்ல, என்ற கையிலயும் பாவம் ஒட்டாது. நல்ல யோசனைன்னு எனக்கே ஒரு சந்தோசம். எழுதி நாலா மடிச்சுப் போட்டுட்டேன்.

நான் அவரை எழுதுனதே அவரு மேல இருந்த பிரியத்துலதாங்க. அதை நீங்க புரிஞ்சுக்கோனும்.

சின்னவரு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் படிச்சாரு. மொதச் சீட்டு, பண்ணாரி. அட, நம்மளை மாதிரியே இன்னொருத்தரு யோசிச்சிருக்காங்களேன்னு உள்ளுக்குள்ள சிரிப்பு வந்துச்சு. ரெண்டாவது, பண்ணாரி. சரி, அது என்றதா இருக்கும்னு நெனைச்சேன். மூணாவதும் பண்ணாரின்னாரு. நாலாவது. அப்புறம் அஞ்சாவது. அதுதான் என்ற கையெழுத்து, மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிஞ்சுது.

சின்னவரு எங்களைப் பாத்துட்டு, "நான் பயந்துட்டே இருந்தேன், அடிச்சுக்குவீங்களோன்னு. இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்க"ன்னு கை தட்டுனாரு. படிச்ச புள்ளைங்க அப்படித்தான் எதுக்கெடுத்தாலும் கை தட்டுவாங்க. அவரு தட்டறப்ப நாம சும்மா உக்காந்திருந்தா நல்லாருக்குமா? ஈஸ்வரமூர்த்தி தட்டுனாரு. அப்புறம் நாங்களும் தட்டுனோம்.

"யாருக்காச்சும் மாத்துக் கருத்து இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. கேக்காம இல்ல, கேட்டாரு. நான் அல்போன்ஸ் சாரைப் பாத்தேன். அவரு பர்வதம் மேடத்தைப் பாத்தாரு. அந்தம்மா முந்தானைல கண்ணைத் தொடைச்சுச்சு, ஏசி ஒத்துக்கலையோன்னு நெனைச்சேன். நாலு பேரு முடிவா எழுதியிருக்கறப்ப, நான் ஒருத்தன் எந்திரிச்சு, சும்மா வெளையாட்டுக்கு எழுதுனேன்னு சொல்ல முடியுங்களா? என்னைய என்னன்னு நெனைப்பாங்க? டீ வந்துச்சு. பிஸ்கட்டும் வந்துச்சு. தின்னுட்டு எந்திரிச்சு வந்துட்டோம்.

அதுக்கப்புறம் ஒரு கூத்து கேளுங்க. அன்னிக்கு ராத்திரி பூராப் பொரண்டு பொரண்டு படுத்தேன். மத்த நாலு பேரும் மனசாரத்தானே எழுதியிருப்பாங்க? அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சது ஏதோ எனக்குத் தெரியல. பண்ணாரியண்ணன் மேல ஏதோ கொறை இருக்குது. யோசிச்சுப் பாத்தா இருக்கத்தான் செஞ்சுது. தகட்டுல ஒரு சொட்டை இருந்தா விட மாட்டாரு, கழட்டித் திருப்பி அடிப்பாரு, வண்டி ஒரு நாளு தாமதமாகும். காது கேக்காததால பசங்க கூப்புட்டாத் திரும்ப மாட்டாரு. மூணு நாளு யோசிச்சேன். மூணாவது நாளு எனக்கே அவரு போறது சரிதான்னு ஆயிருச்சு. மனசு எப்படித் திரும்புது பாருங்க.

லெட்டரை நானும் அல்போன்ஸ் சாருந்தான் எழுதுனோம். சின்னவரு அதுல ஒரு வார்த்தை சேக்கச் சொன்னாரு. 'நிர்வாகக் குழு சீட்டு எழுதி ஏகமனதாக எடுத்த முடிவின்படி'ன்னு. ஒருத்தரு மேல பழி உழுகாது பாருங்க, அதுக்காக. நல்ல எண்ணத்துல சொன்னதுதான்.

கொண்டு போயிக் குடுக்கறது யாருன்னு பேச்சு வந்துச்சு. ஷெட்டு என்ற பொறுப்பு. நான்தான் போனேன். பதினோரு மணி இருக்கும். தனியாக் கூப்புட்டுச் சொல்லலாம்னு ஆபீஸுக்கு வரச் சொன்னா, "இந்த ஒரு தகடு சாரு, முடிச்சுட்டு வந்தர்றேன்"னாரு. வரல. சரின்னு பக்கத்துல போயி, மெதுவா, "அண்ணா, ஒரு சங்கடமான விசயம்"னேன். காதைக் காட்டி "என்னுங்க சாரு?"ன்னாரு. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். கேக்கல. சுத்தியும் நாப்பது பேரு தட்டிட்டு இருக்காங்க. அப்புறம் கத்துனேன். "அண்ணா, உங்களை வேலையை விட்டு நிறுத்தறாங்க"ன்னு. நான் கத்துன நேரம் எல்லாச் சுத்தியலும் நின்னுருச்சு. எதுக்கு நின்னுச்சுன்னு தெரியல. ஷெட்டு முழுக்கக் கேட்டுருச்சுங்க. அப்படி ஒரு அமைதிய அந்த ஷெட்டுல நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல.

அவரு கையைத் தொடைச்சுட்டு லெட்டரை வாங்குனாரு. ஒவ்வொரு வரியா வெரலை வெச்சுப் படிச்சாரு. முடிச்சுட்டு மேலருந்து மறுபடியும் படிச்சாரு. நான் நின்னுட்டே இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தோணலீங்க. அழுகை வரல, பரிதாபம்கூட வரல. வேர்த்துச்சு, அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்குது, உள்ளுக்குள்ள மரத்துப் போயி.

"எனக்காக ஒருத்தருங்கூடப் பேசலீங்களா சாரு?"ன்னு கேட்டாரு.

"எல்லாருக்கும் உங்க மேல பிரியந்தாண்ணா"ன்னு கத்துனேன். நெசந்தானே அது?

அவரு என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "எனக்குத் தெரியுஞ் சாரு. யாரு எழுதியிருந்தாலும் நீங்க எழுதியிருக்க மாட்டீங்க"ன்னாரு. நான் தலையாட்டுனேன். வேற என்னங்க பண்றது? அந்த நேரத்துல அவரு மனசு அதையாச்சும் நம்பிட்டுப் போகட்டும்னுதான் ஆட்டுனேன்.

அன்னிக்குச் சாயந்தரம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிட்டாரு. ரெண்டு மூணு பட்டறைல போயிக் கேட்டிருக்காரு. காதைப் பாத்துட்டு அப்புறம் சொல்றோம்னுட்டாங்களாம். ஊருக்கே போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன்.

ரெண்டு மாசங் கழிச்சு கிறிஸ்துமஸ். அல்போன்ஸ் சாரு எங்க நாலு பேரையும் ஊட்டுக்குக் கூப்புட்டிருந்தாரு. நல்ல பிரியாணி. சாப்புட்டுட்டு உக்காந்திருக்கறப்ப பர்வதம் மேடம் திடீர்னு ஓன்னு அழுக ஆரம்பிச்சுருச்சு. "நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். பண்ணாரியண்ணன் பேரை யாரும் எழுத மாட்டாங்கன்னு நெனைச்சு எழுதுனேன். நீங்க நாலு பேரும் எழுதுவீங்கன்னு நான் கனவா கண்டேன்"னுச்சு. தீர்த்தகிரி கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சாரு. "மேடம், நானும் அதுக்குத்தான் எழுதுனேன்"னாரு. ஈஸ்வரமூர்த்தியும் அதையே சொன்னாரு. அல்போன்ஸ் சாரு நெத்தில சிலுவை போட்டுக்கிட்டாரு. கடைசில நான் சொன்னேன். தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாங்களும் கொஞ்ச நேரம் சிரிச்சோமுங்க, வயித்தைப் புடிச்சுக்கிட்டு. அப்புறம் ஒவ்வொருத்தராச் சிரிக்கறதை நிறுத்திட்டோம்.

அப்பத்தான் பர்வதம் மேடம் இன்னொண்ணு சொல்லுச்சு. "போறப்ப எங்கிட்ட வந்து, நீங்க எழுதியிருக்க மாட்டீங்க மேடம், எனக்குத் தெரியும்னாரு. நான் ஆமான்னுட்டேன்"னு. நான் அல்போன்ஸ் சாரைப் பாத்தேன். அவருகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்காரு. தீர்த்தகிரிகிட்டயும் அதே வார்த்தை, ஈஸ்வரமூர்த்திகிட்டயும் அதே. அஞ்சு பேருகிட்டயும் கையைப் புடிச்சுச் சொல்லியிருக்காரு, அஞ்சு பேரும் தலையாட்டியிருக்கோம். லெட்டர்ல ஏகமனதாகன்னு போட்டிருந்ததை அவரு கவனிச்சிருக்க மாட்டாருன்னு நெனைக்கறேன், பாவம். அஞ்சாங் கிளாஸ்தான் படிச்சவரு. ரெண்டு வாட்டி படிச்சாரு, ஆனாலும் அதெல்லாம் எங்க புரிஞ்சிருக்கப் போகுது.

உடனே சின்னவருகிட்டப் போயி நெசத்தைச் சொல்லி, அவரைத் திருப்பிக் கூப்புட்டுக்கலாமான்னு பேச்சு வந்துச்சு. நான் சொல்லல, மேடந்தான் சொல்லுச்சு. கொஞ்ச நேரம் பேசுனோம். இப்பப் போயிச் சொன்னா நம்மளைப் பத்தி அந்தப் பையன் என்ன நெனைப்பான்? அஞ்சு பேரும் வெளையாட்டுக்கு ஓட்டுப் போட்டோம்னா நாளைக்கு நம்ம சொல்ற எதை நம்புவான்? மாப்பு கேட்டு இவரைக் கூப்புட்டாலும் அந்த எடத்துல வேற ஒருத்தரு போகோனும், அது யாரு? வேண்டாம்னு முடிவாச்சு. அஞ்சு பேரும் மனசறிஞ்சு ஒண்ணா எடுத்த முடிவுன்னா எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதாங்க. அதுக்கு சீட்டுக்கூடத் தேவைப்படல.

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்றது சுலபமுங்க.

போன வாரம் கரூர்ல ஜவுளிக்கடைக்குப் போனோம். என்ற மகளுக்கு வைகாசில கண்ணாலம். முகூர்த்தச் சேலை எடுக்கோனும். மேல் மாடில பட்டு. அங்க சேலை எடுத்துக் காட்டற புள்ளை, "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?"ங்குது. எனக்கு அடையாளம் தெரியல. என்ற சம்சாரந்தான், "அட, பண்ணாரியண்ணன் புள்ளையல்ல நீயி? நர்சு வேலைக்குப் போகலையா கண்ணு?"ன்னு கேட்டா. "பாதில நிறுத்தியாச்சுங்க ஆன்ட்டி"ன்னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. அப்புறம் ஒரு மணி நேரம் சேலை சேலையா விரிச்சுப் போட்டுச்சு. நாப்பது சேலை இருக்கும். சம்சாரத்துக்கு எதுவும் புடிக்கல. ஒவ்வொண்ணையும் அந்தப் புள்ளை சிரிச்ச மூஞ்சியா மடிச்சு அடுக்குச்சு. கெளம்பறப்ப, "அப்பா உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாருங்க சார்"னுச்சு. என்ன சொல்லுவாருன்னு நான் கேக்கல.

ஊட்டுக்கு வந்து சம்சாரம் ஒரே புடியாப் புடிச்சுக்கிட்டா. நம்ம ஊட்டுல அந்த மனுசன் இல்லாம ஒரு காரியம் நடந்திருக்குதா, நேர்ல போயி வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டுட்டு வாங்கன்னு. சீட்டு விசயம் அவளுக்குத் தெரியாது, கம்பெனி நிறுத்திருச்சுன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் இந்த பஸ்ஸு ஏறுனது. இதா, இந்தப் பைக்குள்ள பத்திரிகை இருக்குது. மொதப் பக்கத்துலயே அவரு பேரை எழுதி எடுத்தாந்திருக்கேன். என்ற கையெழுத்துதான்.

பாருங்க, சின்னதாராபுரம் தாண்டியாச்சு. அடுத்த ஸ்டாப்புதான் அவரு ஊரு. அந்தப் புளியமரம் தெரியுதுங்களே, அங்க எறங்கி உள்ள நடக்கோனும். போயி நின்னு என்னன்னு ஆரம்பிக்கறது? அவருகிட்ட எதுன்னாலும் கத்தித்தான் சொல்லோனும், அக்கம் பக்கமெல்லாம் கேக்கும். அவரு வந்து நின்னு, முன்ன மாதிரி, வாங்க சாருன்னு கையைப் புடிச்சுக்கிட்டாருன்னா? அதைக்கூட விடுங்க. நீங்க எழுதியிருக்க மாட்டீங்கன்னு மறுபடியும் சொல்லிட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்?

கண்டக்டர் கூப்புடறாரு. நீங்க சொல்லுங்க தம்பி, எறங்கட்டுமா, வேண்டாமா?

எறங்குங்கன்னு சொல்றீங்க. சம்சாரமும் அதான் சொன்னா. மகளும் அதான் சொன்னா. கம்பெனில கேட்டேன், மத்த நாலு பேரும் போயிட்டு வாங்கன்னுதான் சொன்னாங்க. இப்ப நீங்களும் சொல்றீங்க. எல்லாரும் ஒண்ணாட்டவே சொல்றப்பத்தாங்க எனக்குப் பயமா இருக்குது.

விசிலு ஊதிட்டாங்க. சரி, போகட்டும். ஏப்பா கண்டக்டரு, எனக்குத் தாராபுரம் ஒண்ணு குடு.